குணா டிஜிட்டல்ஸின் தேடல் பெட்டி

கரண்டிக் காம்பு இரும்புக் கிரில்லில் படுகிற சத்தம் அது. ணங் என்று ஒன்று, ஒரு மூச்சு இடைவெளி, பிறகு ணங் ணங் என்று சேர்ந்தாற்போல் இரண்டு. தறியோட்டம் நிற்காத எங்கள் வேலாத்தாபாளையத்தில், எதிர்வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் எனக்கு வருஷக்கணக்கில் மதியம் வந்ததைச் சொன்னது அந்தச் சத்தம்தான். சமையலறையிலிருந்து கோகிலாமணி, முன்கட்டில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்த தன் புருஷனைச் சாப்பிட அழைக்கிறாள் என்று அதற்குப் பொருள். ஒரு ஆடி மாதக் காலையில் குணசீலன் மை வாங்கிவர ஈரோட்டுக்குப் போனான். அவனுடைய பைக் மட்டும் ரயில் நிலைய ஸ்டாண்டில் தூசி படிந்து நிற்கக் கிடைத்தது. அதன்பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. காதில் மட்டும் அது இருந்துகொண்டே இருந்தது.

கோகிலாமணி கடையை மூடவில்லை. மாமியார் நஞ்சம்மாளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாத்தனார் சுகந்தியும் அவள் கையைப் பார்த்து இருந்ததால், புருஷன் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அவன் செய்ததைப் பார்த்துப் பார்த்துக் கற்றிருந்ததை வைத்தே காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பேனர் போட்டுக் கொடுத்தாள். போர்டில் ‘குணா டிஜிட்டல்ஸ்’ என்று இருந்தது. போன் வந்தால் அவள் “ஃப்ளெக்ஸ் கடைங்க” என்றுதான் சொல்வாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள், விரலாலும் அடிக்கமாட்டாள். அந்தப் பெயர் வருகிற இடங்களை அடிக்க என்னைக் கூப்பிடுவாள். கடையின் பேனர்களுக்கு எழுத்துப்பிழை பார்த்துக் கொடுக்கும் வேலை எனக்கு இருந்ததால் நான் எப்படியும் மாலையில் அங்கேதான் இருப்பேன்.

கம்ப்யூட்டரில் ஊர் முகமெல்லாம் இருந்தது. ஆனால் எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. குணசீலன் எல்லாவற்றுக்கும் ‘புதுசு’, ‘கடைசி’, ‘கடைசிக்கும் கடைசி’ என்று பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தான். அப்பன் செத்த வீட்டார் அப்பன் படத்துக்காக வந்து நிற்க, கோகிலாமணி தேடித் தேடி, ஒருநாள் கிடைக்காமலே போய், பக்கத்து வீட்டுக்காரர் படத்தைப் பாதி அடித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஈரோட்டிலிருந்து வரும் ரிப்பேர்காரர் ஜோதிபிரகாஷ் ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். மேலே ஒரு நீளமான பெட்டி. அதில் பெயரின் முதல் இரண்டெழுத்தை அடிப்பதற்குள் கீழே எல்லாம் வரிசையாக வந்து விழும், எந்த அறைக்குள் எந்த அறைக்குள் எந்த அறை என்று வழியோடு.

மாரக்காள் தன் பேத்தியின் காதுகுத்துப் படம் கேட்டு வந்த அன்று, கோகிலாமணி ‘மாரக்காள்’ என்று அடித்தாள். படங்கள் வந்தன. படங்களுக்குக் கீழே இன்னொரு வரியும் வந்தது:

வடக்கு வீதி › மாரக்காள் வீடு › கொல்லை › துவைகல் › அடியில் › மூக்குத்தி

“அட, அங்கயா கெடக்குது” என்றாள் மாரக்காள். “பொங்கலுக்கு மின்னாடி தொலைச்சது. நா பாட்டுக்கு மருமவளத் திட்டிக்கிட்டிருக்கறேன்.” படத்துக்குச் சொல்லிவிட்டுப் போய்த் துவைகல்லை நிமிர்த்தி மூக்குத்தியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மருமகளுக்கு ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

இப்படித்தான் அந்தப் பெட்டிக்குள் ஊர் வந்தது. யாரும் அதைப் பெரிய விஷயமாகப் பேசவில்லை, மழைக்காலத்தில் கிணறு நிறைவதைப் பேசாததுபோல. ஆட்டைத் தொலைத்தவர்கள் வந்தார்கள், சாவியைத் தொலைத்தவர்கள் வந்தார்கள், தண்ணீர் லாரி எந்தத் தெருமுனையில் நிற்கிறது என்று பார்க்கப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள், செருப்பைக் கோயிலில் விட்டவர் வந்து அது யார் காலில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வெறுங்காலோடு போனார். வழி படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படித்துச் சொன்னேன், பரண் என்றும் பானை என்றும் பானைக்குள் துணி என்றும் துணிக்குள் முடிச்சு என்றும் படிக்கப் படிக்க, ஒவ்வொரு வீடும் வீட்டுக்குள் வீடாகத் திறந்துகொண்டே போவதைக் கேட்டு நிற்கிறவர்கள் முகத்தில் முதலில் சந்தோஷமும் பிறகு ஒரு கலக்கமும் வரும், நம் வீட்டையும் யாரோ இப்படிப் படிக்கலாம் என்ற கலக்கம்.

அந்தக் கலக்கம்தான் ஊரின் நடையை மாற்றியது. எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். புருஷன்மார் பாட்டிலை ஒளிக்குமிடத்தை விட்டுவிட்டு வெளிப்படையாகவே குடித்தார்கள், அல்லது விட்டார்கள். அடுத்தவர் பொருளைத் தேட வேண்டுமானால் அடுத்தவரையும் அழைத்து வரவேண்டும் என்று ஒரு வழக்கம் யாரும் சொல்லாமலே வந்தது. அப்போதும் சில பெயர்களுக்கு எதிரே வழி வராது, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று மட்டும் வரும். முதன்முதலில் அப்படி வந்தது பால் சொசைட்டி ராமாயிக்கு. ஏதோ ஒரு பொருள், அவள் வீட்டுக்குள்தான், அதற்குமேல் பெட்டி சொல்லவில்லை. ராமாயி, “அது அப்படியே இருக்கட்டும் கண்ணு” என்றாள். அன்று முதல் அந்த ஊரில் மரியாதையானவர்கள் என்றால் ஒன்றிரண்டாவது மறுப்பு உள்ளவர்கள் என்று ஆனது. ஒன்றுமே மறுக்கப்படாத ஒரு மனுஷர் தனக்கும் ஒன்று போட்டுத் தரச் சொல்லிக் கடை வாசலில் வெகுநேரம் நின்றார்.

இறந்தவர்கள் பெயரை அடித்தால் படங்கள் வரும், படங்களுக்குக் கீழே ‘வேறு எதுவும் கிடைக்கவில்லை’ என்று வரும். இதையும் ஊர் தானாகவே தெரிந்துகொண்டது. இருப்பவர்களுக்கு ஏதாவது ஒரு வரி இருக்கும், வழியாவது மறுப்பாவது. இல்லாதவர்களுக்கு இல்லை.

அது தெரிந்த மறுநாள் கோகிலாமணி என்னை அழைத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

“பெரியம்மா, ஒருக்கா அவரு பேரை அடிச்சுப் பாக்கறீங்களா?”

அடித்தேன். அவன் போட்ட பேனர்கள், அவன் கல்யாணப் படம், வாக்காளர் அட்டைக்கு எடுத்த படம். கீழே ஒரு வரி: குணசீலன். அனுமதி மறுக்கப்பட்டது.

“இருக்குதுங்களா?”

“இருக்குது அம்மிணி. எங்கன்னு சொல்லமாட்டேங்குது.”

“இருக்குதில்லீங்க. அது போதும்.”

அன்றிலிருந்து தினமும் கடை திறந்ததும் நான் போய் அந்தப் பெயரை அடிப்பேன். அவள் திரையைப் பார்க்கமாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையசைத்த பிறகுதான் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவாள். ஒருநாள் எனக்குக் காய்ச்சல் வந்து போக முடியாமல் மாலையில் போனேன். கடை பாதி ஷட்டரோடு இருட்டாகக் கிடந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

இப்படியே சுகந்தி படித்து முடித்து அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தபோதுதான் கஷ்டம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தான். நல்லவர்களுக்கே உரிய பயம் அவர்களுக்கு. மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து துண்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “பொண்ணோட அண்ணன் இருக்கறாருன்னா மணவறைக்கு வந்து நிக்கட்டும். இல்லைன்னா காரியத்தை முடிச்சுப்போட்டு வாங்க. ரெண்டுங்கெட்டானா வெச்சுக்கிட்டு ஒரு நல்லது எப்படிங்க பண்றது?”

நஞ்சம்மாளுக்கு மகனை நினைத்தும் அழத் தெரியும், மகளை நினைத்தும் அழத் தெரியும். இரண்டையும் சேர்த்து அழுதுவிட்டு, பவானிக் கூடுதுறையில் காரியத்துக்கு நாள் பார்த்துவிட்டாள். நாள் குறித்தது என்றால் கோகிலாமணிக்கும் சேர்த்துத்தான். ஆற்றங்கரையில் அவள் தாலியைக் கழற்றிப் பாலில் போடவேண்டும்.

“அத்தை, கம்ப்யூட்டர்ல இருக்கறாருங்க.”

“இருந்து என்ன ஆத்தா, எட்டிப் பாக்க முடியலையே. அங்க என்ன இருக்குதுன்னு தொறந்து காட்டு. எம்பையன் மூச்சு விடறான்னு தெரிஞ்சா நா எதுக்கு எள்ளுத் தண்ணி எறைக்கறேன்?”

அந்த வாரமே பெட்டிக்கும் உடம்பு சரியில்லாமல் போனது. வரவேண்டிய வரிகள் தாமதமாக வந்தன, சில வரவேயில்லை. தெற்கு வீதி முழுக்க ஒருநாள் காணாமல்போய் மறுநாள் திரும்பி வந்தது. உயிரோடு கண்ணெதிரே நிற்கிற மாரக்காளுக்கு ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வந்தபோது அவள் தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டாள். குணசீலனின் வரியும் மினுங்கியது. ஒரு காலையில் நான் அடித்து, வராமல், அழித்து மறுபடி அடித்து, மறுபடி அழித்து அடித்து, கடைசியில்தான் அது வந்தது. கோகிலாமணி அப்புறம்தான் ஊதுபத்தியை எடுத்தாள்.

ஜோதிபிரகாஷை வரவழைத்தோம். அவர் பையைக் கீழே வைக்காமலே திரையைப் பார்த்தார்.

“அட்டவணை கெட்டுப்போச்சுங்க. ஊரு வளந்துக்கிட்டே போகுது, இது பழைய அட்டவணையையே வெச்சுக்கிட்டு முழிக்குது. அழிச்சுட்டுப் புதுசா எடுக்கச் சொல்லோணும். அதுக்கு நிர்வாகி அனுமதி வேணும்.”

“நான்தானுங்களே கடை நடத்தறேன்” என்றாள் கோகிலாமணி.

“கடைக்கு நீங்கதான் அக்கா. கம்ப்யூட்டருக்கு நீங்க சும்மா வந்து போறவங்க. பாருங்க.” மவுஸின் வலது பக்கத்தை அழுத்தி, ‘நிர்வாகியாக இயக்கு’ என்பதைத் தொட்டார்.

திரை முழுக்க மங்கியது, மேகம் வந்து வெயிலை மறைப்பதுபோல. நடுவில் ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் குணசீலனின் முகம், மீசையோடும் அரைச் சிரிப்போடும். பக்கத்தில் அவன் பெயர். கீழே வெள்ளையாக ஒரு காலிப் பெட்டி, தொடர வேண்டுமானால் கடவுச்சொல்லை இடவும் என்று.

கோகிலாமணி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

“பாஸ்வேர்டு தெரியுமுங்களா அக்கா?”

தெரியாது. பைக் நம்பரை அடித்தார், திறக்கவில்லை. அம்மா பெயர், தங்கை பெயர், குலதெய்வத்தின் பெயர், கல்யாணத் தேதி, எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த முகம் அதே அரைச் சிரிப்போடு மறுபடி வந்து நின்றது. பிறகு பெட்டிக்குக் கீழே, மறந்தவர்களுக்கு நினைவூட்ட அவனே எப்போதோ எழுதிவைத்த குறிப்பு வந்தது: அவள் என்னைக் கூப்பிடுவது.

ஜோதிபிரகாஷ் கோகிலாமணியைப் பார்த்தார். நஞ்சம்மாள் மருமகளைப் பார்த்தாள். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன்.

“இல்லைன்னா ஃபார்மட் பண்ணிரலாமுங்க” என்றார் ஜோதிபிரகாஷ். “எல்லாத்தையும் தொடைச்சுட்டுப் புதுசாப் போட்டா நீங்களே நிர்வாகி. ஆனா உள்ள இருக்கற ஊரு என்னாகுமுன்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

அந்தச் சொல் சாயங்காலத்துக்குள் எல்லா வீதிக்கும் போய்விட்டது. கம்ப்யூட்டரில் உள்ளது மட்டும் அழியுமா, வீட்டில் உள்ளதும் சேர்ந்து அழியுமா என்று யாருக்கும் தெரியவில்லை. பெண்கள் டப்பாக்களுக்குள்ளும் பரணிலும் இருந்ததை எல்லாம் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு நடமாடினார்கள். தறிக்காரர்கள் தறியிலிருந்த பாவு நூலை அறுத்துக்கொண்டு போய்க் கோயில் மண்டபத்தில் வைத்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் குழந்தையைத் தூளியில் போடாமல் இடுப்பிலேயே வைத்திருந்தார்கள். ராமாயி ஒரு துணிப்பையை மார்போடு அணைத்தபடி பால் ஊற்றினாள். அதில் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

காரியத்துக்கு முந்தின நாள் காலை, ஊர் கடைக்கு முன்னால் கூடிவிட்டது. கோகிலாமணி தன் புருஷனை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்பதில்தான் இப்போது எல்லாருடைய மூக்குத்தியும் சாவியும் குழந்தையும் இருந்தன.

“ஏனுங்கன்னுதான கூப்புடுவ?” என்றாள் மாரக்காள்.

ஜோதிபிரகாஷ் அடித்தார். இல்லை.

“மாமான்னு போடுங்க.”

இல்லை.

“எங்கூட்டுக்காரி என்னைய யோவ்ங்கறா. அதையும் போட்டுப் பாருங்க” என்றார் பூக்கடைக்காரர். கூட்டத்தில் சிரிப்பு எழுந்து அப்படியே அடங்கியது. அதுவும் இல்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பாவும் வந்திருந்தார். “எதுக்குங்க இந்தப் பொண்ணை இத்தனை பேர் மத்தியில...” என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“சொல்லு ஆத்தா” என்றாள் நஞ்சம்மாள். “நா காதைப் பொத்திக்கறேன். எம்பையனை என்னன்னு கூப்புட்டாலும் பரவால்ல.” உண்மையாகவே காதைப் பொத்திக்கொண்டாள்.

கோகிலாமணி எழுந்து சமையலறைக்குள் போனாள். அழப் போகிறாள் என்றுதான் நினைத்தோம். கரண்டியோடு வந்தாள். வந்து, சமையலறைக்கும் கடைக்கும் நடுவிலிருந்த இரும்புக் கிரில்லுக்கு அந்தப் பக்கமே நின்று, காம்பால் தட்டினாள். ணங். ஒரு மூச்சு இடைவெளி. ணங் ணங்.

“இதானுங்க” என்றாள். “வேற எதுவும் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. வாய் வரலை. வந்த புதுசுல இருந்து இதேதான். இதை எப்படிங்க எழுதறது?”

ஜோதிபிரகாஷ் அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, “எழுத வேண்டாமுங்க அக்கா. ஒண்ணும் அடிக்காம, வெறுமனே எண்டரை மட்டும் தட்டுங்க” என்றார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். கரண்டி இடது கையிலேயே இருந்தது. தட்டினாள்.

திரை வெளுத்தது. கட்டமும் முகமும் போயின. பெட்டி புதிதாகத் திறந்து அட்டவணையை ஆரம்பத்திலிருந்து எடுக்கத் தொடங்கியது, வடக்கு வீதி, தெற்கு வீதி, கோயில், பால் சொசைட்டி, காவிரிக் கால்வாய்க்கு அப்பால், அப்பாலுக்கும் அப்பால் என்று வரிகள் மழைபோல் இறங்கின. இதுவரை மறுக்கப்பட்டிருந்த எல்லாவற்றுக்கும் இப்போது வழி வந்தது, மெத்தைக்குள், சுவர்ப்பொந்துக்குள், குழந்தையின் பழைய கவுனுக்குள், ஒரு வீட்டுக்குச் சொந்தமானது இன்னொரு வீட்டுக்குள். எனக்குப் படிக்கத் தெரியும் என்பதை அன்றுதான் முதன்முதலாக வெறுத்தேன்.

முதலில் திரும்பியது ராமாயி. துணிப்பையை அணைத்தபடி தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அடுத்து பூக்கடைக்காரர் திரும்பினார், மாரக்காள் திரும்பினாள், மாப்பிள்ளையின் பெரியப்பா துண்டால் கண்ணை மூடிக்கொண்டார், ஜோதிபிரகாஷ் சுவரைப் பார்த்தார், யாரும் சொல்லாமலே ஒருவர்பின் ஒருவராக அந்த ஊர் முழுக்கத் தன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நானும் திரும்பினேன். எங்களுக்குப் பின்னால் விசைப்பலகையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுவது கேட்டது, பழக்கமில்லாத இடத்தில் கால்வைத்து நடப்பவளுடைய நடைபோல, நின்று நின்று. அந்தப் பெயரை அவளே அடித்தாள்.

பிறகு எழுத்துகள் நின்றன. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. ஒரு கைக்குழந்தை சிணுங்கியது, தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

“அத்தை” என்றாள் கோகிலாமணி. “உங்க பையன் இருக்காருங்க.”

நஞ்சம்மாள் திரும்பாமலே, “எங்க ஆத்தா?” என்றாள்.

“தூரமா. வடக்க. கட்டில் போட்டிருக்குது, ஜன்னல் இருக்குது, தட்டுல சோறு இருக்குது. கதவு உள்பக்கமாத்தான் தாப்பா போட்டிருக்குது. யாரும் அடைச்சு வெக்கலை. அவராத்தான் இருக்காரு.” பிறகு, “வரமாட்டாருங்க. காரியம் வேண்டாம்” என்றாள்.

“நா போயிக் கூட்டிக்கிட்டு...”

“வேண்டாம் அத்தை. தாப்பா உள்பக்கமுங்க.”

நஞ்சம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அது மகன் பிழைத்ததற்கா, மகன் போனதற்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஜோதிபிரகாஷ் முதுகைக் காட்டியபடியே வழி சொல்லச் சொல்ல, கோகிலாமணி ஊர்க்காரர்களின் மறைவுகளை எல்லாம் பழையபடி மூடினாள். கடைசியில், பிற்பாடு அவளே எனக்குச் சொன்னபடி, குணசீலனுடைய வரிக்கு வந்தாள். அதை யார் யார் பார்க்கலாம் என்கிற இடத்தில் இருந்த குறிகளை எடுத்தாள். எல்லோரும் என்பதிலிருந்து எடுத்தாள், பிறகு நிர்வாகி என்பதிலிருந்து எடுத்தாள். இந்த மாற்றத்தைச் செய்தால் இனி நீங்களும் பார்க்க முடியாது, தொடரவா என்று கேட்டது. ஆம் என்று தட்டினாள். “இப்பத் திரும்பிக்குங்க” என்றாள். திரும்பியபோது திரை சுத்தமாக இருந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா, “வராத அண்ணனுக்குப் பதிலா மணவறையில யாருங்க நிக்கறது?” என்று மெல்லக் கேட்டார்.

“நான் நிக்கறேனுங்க” என்றாள். கரண்டியை அப்போதுதான் கீழே வைத்தாள்.

அவர் ஊர் முகங்களைப் பார்த்தார். ஊர் தன் மடிகளை அவிழ்த்து அவரவர் பொருளை எண்ணிக்கொண்டிருந்தது, யாரும் மறுப்பு சொல்லவில்லை. சுகந்தியின் கல்யாணத்தில் அண்ணன் நிற்கவேண்டிய இடத்தில் கோகிலாமணி நின்றாள். பந்தி முடியும் முன்பே அது வழக்கமாகிவிட்டது. இப்போது எங்கள் ஊரில் அண்ணன் இருக்கிற வீடுகளில்கூட அண்ணியும் சேர்ந்து நிற்கிறாள்.

நான் காலையில் போய்ப் பெயரை அடிக்கும் வேலை அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டுப் பழக்கத்தில் போனேன். அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்த வரி இருந்தது, அனுமதி மறுக்கப்பட்டது என்று. அவள் தானே தலையசைத்துக்கொண்டு ஊதுபத்தியைக் கொளுத்தப் போனாள். அதன்பிறகு வருஷக்கணக்கில் அப்படித்தான், அவளே அடிப்பாள், அவளே தலையசைப்பாள்.

போன மாசியில் ஒரு காலை அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, “பெரியம்மா, நீங்க ஒருக்கா வந்து அடிச்சுப் பாருங்க. எனக்குச் சரியா அடிக்க வரலைபோல” என்றாள். போய் அடித்தேன். கல்யாணப் படம் வந்தது, வாக்காளர் அட்டைப் படம் வந்தது. அவற்றுக்குக் கீழே, வேறு எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது. அழித்து மறுபடி அடித்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு வாரம் கழித்துத் தகவலும் வந்தது. குணசீலன் மும்பைக்குப் பக்கத்துப் பிவண்டியில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்துவந்தான், மாசி மாதம் தன் அறையில் தூக்கத்திலேயே இறந்துபோனான், கதவை உடைத்துத்தான் உடலை எடுத்தார்கள்.